பிரசிடெண்டின் தகுதியைக் கோர்ட்டில் கேட்பது எப்படி? செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் ‘பிரசிடெண்டு’ என்றால் ஊராட்சி மன்றத் தலைவர்தான். டெல்லியில் இருப்பவரை ஜனாதிபதி என்றுதான் சொல்வோம். டீக்கடையில் யாராவது “பிரசிடெண்டு மேல கேஸ் போடப் போறாங்களாம்” என்றால், எந்த ஊர் பிரசிடெண்டு என்பதுதான் அடுத்த கேள்வி. அப்படி ஒரு வழக்கைப் போட நினைக்கிற, இதுவரை கோர்ட் வாசலை மிதித்திராத வாக்காளருக்காக இதை எழுதுகிறேன். ‘அவர் வேலை செய்யவில்லை’, ‘பணம் சாப்பிட்டுவிட்டார்’ என்பதெல்லாம் வேறு விஷயம். அந்த நாற்காலியில் உட்காரச் சட்டப்படி அவருக்குத் தகுதி இருக்கிறதா என்ற ஒரே கேள்வியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

எழுதக் காரணம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், கையில் நல்ல ஆதாரம் இருந்தும் ஒருவர் தோற்றார். நாள் கடந்து போனதுதான் காரணம். தேர்தல் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார், பிறகு கலெக்டருக்கு மனு எழுதினார், பதிலுக்குக் காத்திருந்தார். வக்கீல் வீட்டுப் படி ஏறியபோது ஐம்பத்திரண்டாம் நாள். வக்கீல் கோப்பைத் திறக்கவே இல்லை, தேதியைத்தான் கேட்டார். அந்த மனிதரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சாதாரண வாக்காளருக்கு இந்த உரிமை எல்லாப் பதவிக்கும் கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜனாதிபதி தேர்தலை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 58-ஆம் பிரிவு அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மக்களவை உறுப்பினராகும் தகுதி வேண்டும், ஆதாயம் தரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது. தகராறு வந்தால் 71-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் ஒன்றுதான் விசாரிக்கும். அங்கே மனுப் போட, அந்தத் தேர்தலில் வேட்பாளராக இருந்திருக்க வேண்டும், அல்லது அதில் ஓட்டுப் போடும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இருபது பேராவது சேர்ந்து வர வேண்டும். 2012-இல் பிரணாப் முகர்ஜி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவர் பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்டார் என்று பி.ஏ. சங்மா தொடுத்த வழக்கு அப்படி வந்ததுதான். ஐந்து நீதிபதிகளில் மூவர் விசாரணைக்கு ஏற்க மறுத்தார்கள், இருவர் ஏற்கலாம் என்றார்கள். அமெரிக்காவில் 2008-இல் ஒபாமாவின் தகுதியைக் கேட்டுப் பென்சில்வேனியாவில் ஒருவர் போட்ட வழக்கை, வழக்காட அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லியே கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒரு வாக்காளர் என்பது மட்டும் அங்கே போதவில்லை.

நம் ஊராட்சித் தேர்தலில் அது போதும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 258, போட்டியிட்ட வேட்பாளருக்கு மட்டுமல்லாமல் வாக்காளருக்கும் தேர்தல் மனு, அதாவது தேர்தல் முடிவை எதிர்த்து வழக்கு, போடும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நூறுநாள் வேலைக்குப் போகும் அக்காவும் போடலாம். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் உண்மையிலேயே ஊராட்சிதானா? கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சிகள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்கெல்லாம் தலைவரையும் மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமும் வேறு. கீழே சொல்வதெல்லாம் ஊராட்சிகளுக்கு மட்டும். ராயவரம், அரிமளம், கோனாப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் என்பதால், நான் சிவகங்கை என்று சொல்லும் இடத்தில் புதுக்கோட்டை என்று படித்துக்கொள்ளுங்கள்.

எது தகுதிக் குறை, எது இல்லை

இந்த இடத்தில்தான் அவசரப்படாமல் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஊரில் பேசப்படும் காரணங்களில் பாதி சட்டத்தில் இல்லாதவை.

மூன்றாவது குழந்தை பிறந்தால் நிற்க முடியாது என்று சொல்வார்கள். அது மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களின் சட்டம், தமிழ்நாட்டில் அப்படி இல்லை. எட்டாவது, பத்தாவது படித்திருக்க வேண்டும் என்பார்கள். ஹரியானா 2015-இல் அப்படிச் சட்டம் போட்டது, உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. நம் மாநிலத்தில் படிப்புத் தகுதி எதுவும் கிடையாது, கையெழுத்துப் போடத் தெரியாதவரும் தலைவராகலாம். போலீஸ் கேஸ் இருக்கிறது என்பதும் போதாது. வழக்கு நிலுவையில் இருப்பது தகுதியைப் பறிக்காது, தண்டனை ஆனால்தான் கேள்வி எழும். மனைவி தலைவராக இருக்க, கணவர் வந்து அலுவலகத்தில் உட்கார்ந்து நிர்வாகம் செய்கிறார் என்பது வருத்தமான நடைமுறைதான். ஆனால் அதனால் அந்தப் பெண்ணின் தகுதி போய்விடாது.

சரி, எவை செல்லும்? 21 வயது நிறையாதவர். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர். அரசு ஊழியர், உள்ளாட்சி ஊழியர் (யாரை ஊழியர் என்று கணக்கில் எடுப்பது என்பதில்தான் வாதம் வரும்). திவால் ஆனவர். சட்டம் குறிப்பிடும் வகைக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்று, அதற்கான தடைக்காலம் முடியாதவர். ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்கு நோட்டீஸ் வந்து, கெடு முடிந்தும் கட்டாதவர். ஊராட்சியோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தில் பங்குள்ளவர்.

கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் நம் பக்கத்தில் அதிகம் வரும். ஊருணி தூர்வாரும் வேலையையோ சிமெண்ட் சாலை வேலையையோ எடுத்த காண்ட்ராக்டர் தேர்தலில் நின்று ஜெயிப்பது பல ஊர்களில் நடக்கிறது. அவர் முன்பு காண்ட்ராக்டராக இருந்தார் என்று நிரூபித்தால் பயனில்லை. தேர்தல் நாளில் ஒப்பந்தம் உயிரோடு இருந்ததா, வேலை முடிந்து பில் பாஸ் ஆகிவிட்டதா என்பதைக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் தம்பி பெயரில் இருந்தால், அதில் இவருக்கு என்ன பங்கு என்று ஆவணம் வேண்டும். பாக்கி விஷயத்திலும் இதே கதைதான். வீட்டு வரி கட்டவில்லை என்று சொன்னால் போதாது, நோட்டீஸ் கையில் கொடுக்கப்பட்டதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும்.

அப்புறம், கடல் கடந்த சங்கதி. பர்மா, மலேயா என்று போய் வந்த பூமி இது. இன்றும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். ஓய்வுபெற்று ஊருக்கு வந்து, கோயில் வேலை பார்த்து, நல்ல பேர் எடுத்து, தலைவர் தேர்தலிலும் நிற்கிறார்கள். இங்கே இரண்டு நிலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூர் பி.ஆர். வைத்திருப்பவரும், மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவரும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கும்வரை அவர்கள் இந்தியர்கள்தான். அந்த நாட்டுக் குடியுரிமையையே விரும்பி வாங்கியவர் என்றால், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை அப்போதே போய்விட்டது. அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுப்பது) இருக்கலாம், அது ஓட்டுப் போடவோ தேர்தலில் நிற்கவோ உரிமை தராது. ஆனால் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினாரா என்ற கேள்வியைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதே பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் எடுப்பார். உங்கள் வக்கீலிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீடு இருக்கும். வருஷத்தில் ஒரு வாரம், படைப்புக்கோ (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) கல்யாணத்துக்கோதான் திறப்பார்கள். உரிமையாளர் சென்னையில் இருப்பார், ஓட்டு மட்டும் இங்கே இருக்கும். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஓரிடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போயிருப்பவர் வசிப்பிடத்தை இழந்துவிடவும் மாட்டார் என்று அதே பிரிவு சொல்கிறது. இதை வைத்துத் தலைவரை இறக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. வசிப்பிடக் காரணத்துக்காக வாக்காளர் பட்டியல் சரியா என்று தேர்தல் மனுவில் கிளற முடியாது என்பது 1970-களிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். பட்டியல் இறுதியானால் இறுதிதான். ஆட்சேபிக்க வேண்டிய நேரம் பட்டியல் திருத்தத்தின்போது, பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7 கொடுத்து. ஊராட்சித் தேர்தல் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராவதால், நவம்பர், டிசம்பரில் வரும் வழக்கமான முகாம்களில் கவனமாக இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை வராது.

ஒதுக்கீட்டு ஊர்களில் ஒரு வார்த்தை

தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ பெண்களுக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால், வென்றவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பொய்ச் சான்றிதழில் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தால், உரியவருடைய இடம் திருடப்படுகிறது, அதை எதிர்க்கத்தான் வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழ் உண்மையா என்று பார்ப்பது மாவட்ட அளவிலான விழிப்புக்குழு. பழங்குடியினர் சான்றிதழ் என்றால் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு. கல்யாணத்தால் சாதி மாறாது என்பதும் தெளிவான சட்டம். வேறு சாதியில் பிறந்த பெண் பட்டியல் சாதிக்காரரை மணந்ததால் அந்த இடத்துக்கு நிற்க முடியாது. சான்றிதழ் ரத்தாகாதவரை அது செல்லும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் மனுவோடு நின்றுவிடாமல் விழிப்புக்குழுவுக்கும் புகார் போக வேண்டும்.

ஆனால் இந்த வகை வழக்குடன் யார் வந்தாலும் அவரிடம் நான் ஒன்று கேட்பேன்: வென்றவர் உங்கள் சாதியாக இருந்திருந்தாலும் இந்த வழக்கைப் போடுவீர்களா? காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ் மேலூர் வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது மேலவளவு. ஒதுக்கீட்டில் தலைவராக வென்ற முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு தலித் தலைவரையோ பெண் தலைவரையோ அலைக்கழித்து வேலை செய்ய விடாமல் தடுப்பதற்காகவும் கோர்ட் மனு பயன்படுத்தப்படுகிறது. அதற்கு இந்த வழிகாட்டி உதவக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். தகுதிக் குறை காகிதத்தில் இல்லை என்றால் கோப்பை மூடிவிடுங்கள்.

எப்போது கேட்பது

தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து முடிவு வரும்வரை கோர்ட் உள்ளே வராது. அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு, ஊராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு மூலமாகத் தவிர வேறு வழியில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. இந்தக் கொள்கைக்கு வேர் நம் நாமக்கல்லில் இருக்கிறது. 1952 பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவர் ரிட் மனுப் போட்டார் (அதிகாரியின் முடிவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனு). தேர்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது தலையிட மாட்டோம், முடிந்த பிறகு தேர்தல் மனுவாக வாருங்கள் என்றது உச்ச நீதிமன்றம். இன்றுவரை நாடு முழுவதும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

எனவே உங்களுக்கு நடைமுறையில் மூன்று வாய்ப்புகள். பட்டியல் திருத்தத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, வேட்புமனுப் பரிசீலனை நாள். பரிசீலனை நடக்கும் அறைக்குள் ஊரே போக முடியாது, வேட்பாளர்களும் அவர்களோடு அனுமதிக்கப்பட்டவர்களும்தான் போகலாம். உங்களிடம் ஆதாரம் இருந்தால், போட்டியிடும் இன்னொரு வேட்பாளர் மூலமாக எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் நாளைக்கு அது நடந்ததற்கே சாட்சி இருக்காது. ஆட்சேபத்தை அதிகாரி ஏற்காமல் போகலாம். பரவாயில்லை. முதல் நாளே இதைச் சொன்னோம் என்பது பின்னால் உங்கள் மனுவுக்கு முதுகெலும்பு.

மூன்றாவதுதான் தேர்தல் மனு. முடிவு வெளியிடப்பட்ட தேதியிலிருந்து 45 நாள். சாதாரண சிவில் வழக்கில் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்டுத் தனி மனு கொடுப்பார்கள். அது இங்கே எடுபடும் என்று நம்பி உட்காராதீர்கள். கலெக்டருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் நீங்கள் அனுப்பும் மனுக்கள் இந்த 45 நாளை ஒரு மணி நேரம்கூட நிறுத்திவைக்காது. நான் முதலில் சொன்ன மனிதர் இதில்தான் தவறினார்.

காகிதம் சேர்ப்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சரி, ஆனால் கணக்கைப் பாருங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம். கொடுக்கவில்லை என்றால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். உங்கள் 45 அதற்குள் கரைந்துவிடும். ஆகவே முடிவு வந்த மறுநாளே, முடிந்தால் வேட்பாளர் பட்டியல் வெளியான நாளிலேயே மனுவை அனுப்புங்கள். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை.

‘அவருடைய எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்த ஊராட்சியில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை கொடுக்கப்பட்ட வேலை உத்தரவுகள், ஒப்பந்ததாரர் பெயர், அளவுப் புத்தகப் பக்கம், இறுதி பில் தொகை வழங்கிய நாள் என்று கேளுங்கள். வரி பாக்கிக்குக் கேட்புப் பதிவேட்டின் (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதியிருப்பது) நகல், நோட்டீஸ் சார்வு செய்த, அதாவது கையில் கொடுத்த, அத்தாட்சியின் நகல் என்று கேளுங்கள். ஊராட்சி செயலரிடம் ஒரு மனு, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒரு மனு. ஒரே ஆவணத்தின் நகல் இரண்டு இடத்திலும் இருக்கும், ஓரிடத்தில் ‘காணவில்லை’ என்றாலும் இன்னோரிடத்தில் கிடைக்கும். வேட்புமனுவும் அதோடு சேர்த்த உறுதிமொழிப் பத்திரமும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் இருக்கும், சான்றிட்ட நகல் கேட்டு எழுத்தில் கொடுங்கள். தண்டனை விஷயமென்றால் தண்டித்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுத் தீர்ப்பையே வாங்குங்கள்.

எல்லாம் கையில் வந்த பிறகுதான் மனு என்று காத்திருக்க வேண்டாம். எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று மனுவில் எழுதிவிட்டால், பிறகு கோர்ட் மூலமாகவே வரவழைக்கலாம். ஆனால் நடந்தது என்ன என்ற அடிப்படை விவரம் முதல் நாள் மனுவிலேயே இருக்க வேண்டும். வேலையின் பெயர், உத்தரவின் தேதி, தொகை, யார் பெயரில் என்பதெல்லாம். ‘இவர் ஒப்பந்ததாரர் என்று அறிகிறேன்’ என்ற ஒற்றை வரி மனு விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியாகும். 45 நாள் கழித்துப் புதிய காரணத்தைச் சேர்க்கவும் விட மாட்டார்கள்.

மனு

மனுவை விசாரிப்பவர் மாவட்ட நீதிபதி, அதாவது சிவகங்கை முதன்மை மாவட்ட நீதிமன்றம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கோர்ட் இருக்கிறதே என்று அங்கே தாக்கல் செய்து நாளை வீணாக்காதீர்கள். வென்றவரை மட்டும் எதிர்மனுதாரராகக் காட்டினால் போதாது, போட்டியிட்ட வேட்பாளர்கள் அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும், பன்னிரண்டு ஓட்டு வாங்கியவர் உட்பட. சமாதானம் பேசி ஒதுங்கிவிட்டவர், உங்கள் சொந்தக்காரர், எல்லோரும்தான். ஒருவரை விட்டாலும் அதுவே மனுவுக்குக் குழி.

கோரிக்கையைப் பிரிவு 259-இல் இருக்கும் காரணத்தோடு பொருத்துங்கள். வென்றவர் தேர்தல் நாளன்று தகுதியில்லாதவர் அல்லது தகுதியிழந்தவர் என்பது அதில் முதலாவது. இந்தக் காரணம் நிரூபணமானால் ஓட்டு வித்தியாசம் எவ்வளவு என்ற கேள்வி எழாது. அவருடைய வேட்புமனுவைத் தவறாக ஏற்றார்கள் என்ற காரணத்தில் போனால், அதனால் முடிவு பாதிக்கப்பட்டது என்றும் காட்ட வேண்டியிருக்கும். எந்தக் காரணத்தில் போகிறோம் என்பதை வக்கீலுடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ‘தேர்தல் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என்று கேட்பது ஒன்று, ‘என்னை வென்றவராக அறிவிக்க வேண்டும்’ என்பது இன்னொன்று. வாக்காளராகப் போடும்போது முதலாவது போதும், பேராசை கேட்டுச் சிக்கலாக்க வேண்டாம்.

சிவில் நடைமுறைச் சட்டப்படி மனுவில் கையெழுத்திட்டு, எது நேரடியாகத் தெரிந்தது, எது பிறர் சொல்லித் தெரிந்தது என்று பிரித்து உறுதிமொழி எழுத வேண்டும். கட்ட வேண்டிய கட்டணம், வைப்புத்தொகை பற்றி நீதிமன்ற அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து.

நாற்பத்தைந்தாம் நாள் என்று திட்டமிடாதீர்கள். முப்பதாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் பஸ் கிடைக்காது, திருவிழா விடுமுறை வரும், வக்கீலுக்குக் காய்ச்சல் வரும், மனு குறைபாட்டுக்காகத் திருப்பித் தரப்படும்.

நாள் தவறிவிட்டால்

முழுக்கக் கதவு அடைந்துவிட்டதா என்றால், பெரும்பாலும் ஆம். ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ‘கோ வாரண்டோ’ என்ற ரிட் கேட்கலாம். ‘எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறீர்?’ என்று கேட்கும் ரிட் அது. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுக்கும் மதுரைக் கிளைதான், 2004 ஜூலையிலிருந்து. காரைக்குடி பஸ்ஸில் ஏறினால் ஒத்தக்கடையிலேயே இறங்கிக்கொள்ளலாம். இதைக் கேட்க உங்களுக்குச் சொந்த நஷ்டம் இருக்க வேண்டியதில்லை, குடிமகனாக இருந்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்தே இரண்டு வழக்குகள் இதற்கு வழிகாட்டி. 1984 சட்டமன்றத் தேர்தலில் லால்குடியில் வென்றவர் அந்தத் தொகுதியின் வாக்காளரே இல்லை. பட்டியலில் இருந்த அதே பெயருள்ள இன்னொருவரின் பதிவைத் தன்னுடையதாகக் காட்டி வேட்புமனு கொடுத்திருந்தார். தோற்றவர் தேர்தல் மனுப் போடவில்லை, ரிட் போட்டார். 1999-இல் உச்ச நீதிமன்றம், அடிப்படைத் தகுதியே இல்லாமல் மோசடியாக உள்ளே வந்தவரைக் காப்பாற்ற, தேர்தல் மனு தவிர வேறு வழியில் கேட்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் தடை உதவாது என்று சொல்லிவிட்டது. இன்னொன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது பற்றிய வழக்குகளில் தண்டனை பெற்றதால் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்ட ஜெயலலிதா, 2001 மே 14 அன்று எம்.எல்.ஏ. ஆகாமலேயே முதலமைச்சராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் அந்த நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் குற்றவாளி என்ற முடிவு அப்படியே இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான இடம். உங்கள் பிரசிடெண்டுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லால்குடி வழக்கு அபூர்வம். வரி பாக்கி போன்ற காரணத்தோடு ஆறு மாதம் கழித்து மதுரைக்குப் போனால், தேர்தல் மனு ஏன் போடவில்லை என்றுதான் முதல் கேள்வி வரும். வென்ற பிறகு புதிதாகத் தகுதியிழப்பு ஏற்பட்டால், உதாரணமாகப் பதவியில் இருக்கும்போது தண்டனை ஆனால், அதற்கு 45 நாள் கணக்கு பொருந்தாது. அந்தக் கேள்வியை யாரிடம் அனுப்புவது என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்ய வேண்டும் என்று 243-எஃப் பிரிவு சொல்கிறது. ஊராட்சிகளின் ஆய்வாளரான கலெக்டருக்கும் ஊராட்சி நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். அதிகார துஷ்பிரயோகம், பணமோசடி என்றால் பிரிவு 205-இன்கீழ் கலெக்டர் விளக்கம் கேட்டு, தாசில்தார் கூட்டும் மன்றக் கூட்டத்தின் கருத்தையும் பார்த்து, பதவி நீக்கம் செய்யும் முறை இருக்கிறது. அது தகுதி வழக்கு அல்ல.

எவ்வளவு காலம் ஆகும்

மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 2009-இல் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப. சிதம்பரம் 3,354 வாக்கில் வென்றதை எதிர்த்து ராஜ கண்ணப்பன் போட்ட தேர்தல் மனுவில், அந்த மனுவைத் தொடர்ந்து விசாரிக்கலாமா என்ற ஆரம்பக் கேள்விக்கு உயர் நீதிமன்றம் பதில் சொன்னது 2012-இல். காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரம் ஊராட்சியில் 2020 ஜனவரியில் ஒருவருக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுத்த பிறகு இன்னொருவருக்கும் கொடுத்து, அது வழக்கானது பலருக்கும் தெரியும். தகுதிப் பிரச்சினை அல்ல அது, ஆனாலும் ஐந்தாண்டுப் பதவியில் எவ்வளவு காலத்தை வழக்கே தின்றுவிடும் என்பதை நம் கண் முன்னால் காட்டியது. மாவட்ட நீதிபதியின் தீர்ப்பு பிடிக்காத தரப்பு மதுரைக் கிளைக்குச் சீராய்வு மனுவோடு போகும், அங்கே இடைக்காலத் தடை கிடைத்தால் பிரசிடெண்டு பதவியிலேயே தொடர்வார்.

விசாரணையில் சுமை உங்கள் தோளில். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததை ஒரு சந்தேகத்துக்காக நீதிபதி கலைக்க மாட்டார், கலைக்கவும் கூடாது. நீங்களே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். ஊராட்சி செயலரையோ வட்டார வளர்ச்சி அலுவலக எழுத்தரையோ பதிவேட்டோடு வரவழைத்து அவர் வாயால் ஆவணத்தை நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்விடுங்கள். மனுதாரர் வராததால் தள்ளுபடியாகும் வழக்குகள் உண்டு. ஊரில் பேச்சு வரும், கோயில் வரிக்கு வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பங்காளி வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வராமல் போகலாம். வீட்டில் எல்லோரிடமும் முன்பே பேசிவிட்டு இறங்குங்கள். மிரட்டல் வந்தால் தேதியோடு எழுதிவைத்து அன்றே போலீஸில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தலைவரின் தேர்தல் செல்லாது என்று வந்துவிட்டால், அதுவரை அவர் கையெழுத்திட்ட கட்டட அனுமதியும் வரி ரசீதும் செல்லாமல் போய்விடுமா என்று ஊரில் கட்டாயம் கேட்பார்கள். போகாது. பதவியில் இருப்பதாக எல்லோரும் நம்பிய காலத்தில் ஒருவர் செய்த அலுவல்கள் பொதுமக்கள் நலனுக்காகச் செல்லும் என்பது நெடுநாளாக இருக்கும் கொள்கை. 2001 தீர்ப்பிலும் அந்த நான்கு மாத அரசு நடவடிக்கைகளைச் செல்லாதவை ஆக்கவில்லை. உங்கள் வீட்டுத் தீர்வை ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.